கையறுநிலையும் சான்றுரையும்: போர், துயரத் தலங்களில் பெண் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

போரும் படுகொலையும் நிகழ்ந்த இடங்கள் பல இன்று சுற்றுலாத் தலங்களாகவும் நினைவிடங்களாகவும் விளங்குகின்றன. அங்கே பெண்கள் இரங்கத்தக்கவராகவோ வணங்கத்தக்கவராகவோ காட்டப்படுகின்றனர்; நடந்ததை அறிந்து உரைத்தவராகக் காட்டப்படுவது அரிது. புறத்திணை மரபின் பின்னணியில் வேலூர்க் கோட்டை, சிவகங்கை, கீழவெண்மணி ஆகியவற்றையும், ஒப்பீட்டுக்கு ஒகினாவாவின் ஹிமேயூரி நினைவிடத்தையும் எடுத்துக்கொண்டு, தலங்களில் பெண்ணைச் சான்றுரைப்பவராக நிறுத்தவேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. அதற்கு வேண்டிய தலவுரைகளை உருவாக்குவது தமிழ்த்துறைகளின் பணி என்றும் வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: துயரத்தலச் சுற்றுலா, பெண் வரலாறு, கையறுநிலை, சான்றுரை, வாய்மொழி மரபு, தலவுரை.

முன்னுரை

இளங்கலை மாணவியர் சிலருடன் ஒருமுறை தமிழகக் கோட்டை ஒன்றுக்குக் களப்பயணம் சென்றிருந்தேன். கோட்டையின் பெயர் இங்கு வேண்டா; பல கோட்டைகளுக்கும் பொருந்துவதே அங்கு நிகழ்ந்தது. எங்களுக்கு வழிகாட்டியவர் அகழியின் ஆழம், மதிலின் உயரம், பீரங்கிகள் நின்ற இடங்கள், படைத்தலைவர்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு மணி நேரம் தடையின்றிச் சொன்னார். பெண்களைப் பற்றி அவர் சொன்னவை இரண்டே செய்திகள்: அரசியர் நீராடிய இடம் ஒன்று, கோட்டை வீழ்ந்தபோது பெண்கள் உயிர் துறந்ததாகச் சொல்லப்படும் இடம் மற்றொன்று. "அவங்க பேரு என்னங்கய்யா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். "பேரெல்லாம் யாருக்கும்மா தெரியும்? பாவம், பொம்பளைங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கொத்தளத்தை நோக்கி நடந்தார்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கையில் தரப்பட்ட பாடத்தில் அந்தப் பெயர்கள் இல்லை, அவ்வளவே. ஆனால் 'பாவம்' என்ற அந்த ஒரு சொல் என்னை விட்டு நீங்கவில்லை. போர் நடந்த இடத்தில் ஆணுக்குப் பெயரும் செயலும் உண்டு. பெண்ணுக்கு இரக்கம் மட்டுமே உண்டு என்னும் பகுப்பை அச்சொல் எத்துணை இயல்பாகச் செய்துவிடுகிறது!

மரணமும் துயரமும் நிகழ்ந்த இடங்களைக் காணச்செல்லும் பயணத்தை ஒரு தனி ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் போக்கு, 1996-இல் லெனன், ஃபோலி ஆகிய இரு ஆய்வாளர்கள் 'டார்க் டூரிசம்' என்னும் கலைச்சொல்லை முன்வைத்த பின்னர் வலுப்பெற்றது. அதனை 'இருண்ட சுற்றுலா' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடத் 'துயரத்தலச் சுற்றுலா' என்பது தமிழுக்குப் பொருந்தும். இத்துறையில் பெரிதும் ஆராயப்பட்டவர் பயணியரே: அவர்கள் ஏன் வருகின்றனர், என்ன உணர்கின்றனர் என்பன. தலத்தில் பயணிக்குச் சொல்லப்படும் உரையில் பெண் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பது சொல்லையும் பனுவலையும் பற்றிய கேள்வி. ஆகவே அது தமிழாய்வாளரின் கேள்வியும் ஆகும்.

புறத்திணை வகுத்த இடங்கள்

போரில் பெண்ணுக்குரிய இடங்களைத் தொல்காப்பியப் புறத்திணையியல் பெயரிட்டே வகுத்துள்ளது. கணவனை இழந்தவளின் நோன்பு தாபத நிலை. கணவனை இழந்து சுரத்தில் தனித்து நிற்பவளின் புலம்பல் முதுபாலை. புண்பட்ட கணவனைப் பேய் அணுகாமல் காப்பது தொடாக் காஞ்சி. மகளை வேண்டி வந்த வேந்தனோடு பகைகொள்வது மகட்பாற் காஞ்சி. மகனைக் களத்திற்கு அனுப்பும் தாயின் மறத்தைப் பின்வந்த மரபு மூதின் முல்லை என்றது. இவை அனைத்திலும் பெண் ஓர் ஆணின் மனைவியாகவோ தாயாகவோ மகளாகவோதான் போருக்குள் வருகிறாள். நடுகல்லிலும் இதே நிலைதான். வீரனின் பெயரும் பெருமையும் அவன் கல்லில் இடம்பெறும். பெண்ணுக்கெனத் தனியே நிற்பவற்றுள் மாசதிக்கல்லே மிகுதி.

எனினும் இலக்கணம் வகுத்த இந்த இடங்களுக்குள் நின்று பாடியவர்கள் அதற்கு மேலும் செய்துள்ளனர். காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார், காவற்பெண்டு, பெருங்கோப்பெண்டு எனப் புறநானூற்றுப் பெண்பாற் புலவர் வரிசை நீண்டது. அவ்வரிசையில் பாரி மகளிரின் ஐந்தடிப் பாடல் (புறநானூறு 112) என் வாதத்திற்கு இன்றியமையாதது. மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் குன்றையும் இழந்த அப்பெண்கள், இழப்பிற்கு முந்தைய நிலவு நாளையும் பிந்தைய நிலவு நாளையும் அருகருகே வைக்கின்றனர். அன்று யாரிடம் என்ன இருந்தது, இன்று அதனை யார் கொண்டனர் என்பதைச் சுருங்கச் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். காலம், இடம், உடைமை, இழப்பு, அதற்குக் காரணமானவர் ஆகிய ஐந்தும் அந்த ஐந்தடிக்குள் அடங்கியுள்ளன. வாக்குமூலம் ஒன்றில் வேறென்ன வேண்டும்?

ஆனால் இப்பாடலுக்கு அமைந்த துறைக்குறிப்பு 'கையறுநிலை' என்பதாகும். அக்குறிப்பு தவறன்று, பாடல் துயரப் பாடல்தான். எனினும் கையறுநிலை என்று மட்டும் படிக்கும்போது கேட்போர் செய்யவேண்டியது இரங்குவது ஒன்றே. சான்றுரை என்று படித்தால், நடந்ததை அறிந்துகொள்ளும் கடமையும் உடன் வந்துவிடுகிறது. பறம்புமலை எனக் கருதப்படும் பிரான்மலைக்கு இன்று செல்பவர் பாரியின் கொடையையும் முல்லைக்குத் தேர் ஈந்ததையும் நினைப்பர். அம்மலையின் வீழ்ச்சியைத் தம் வாயால் உரைத்தவர் இரு பெண்கள் என்பதை எத்தனை பேர் நினைப்பர்? துயரத் தலங்களில் இன்று நிகழ்வதும் இந்தத் துறைமாற்றமே என்பது என் கருத்து. சான்றுரைத்த பெண்ணைக் கையறுநிலைக்குள் அடைத்துவிடுகிறோம்.

வேலூர்க் கோட்டை: சொல்லப்படாத பாதி

1806 சூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகை, தாடி மழித்தல், சமயக் குறி நீக்கல் ஆகியவற்றைப் பற்றிய கட்டளைகள் உடனடிக் காரணம். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்ததும் கோட்டை மீண்டும் கும்பினியின் கைக்குப் போயிற்று. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். 2006-இல் இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. கோட்டைக்கு எதிரே நினைவுத்தூண் நிற்கிறது. இவை வேலூருக்குச் செல்பவர் அறியும் வரலாறு.

இனி மற்றொரு பாதியைக் காண்போம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட பின்னர், அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். வழக்கமாக நாம் சொல்வது 'திப்புவின் புதல்வர்கள்' என்பதே. உண்மையில், திப்புவின் அந்தப்புரத்தையும் அவர் தந்தை ஐதர் அலியின் அந்தப்புரத்தையும் சேர்ந்த 500-க்கு மேற்பட்ட பெண்கள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அரசியர், பணிப்பெண்கள், ஆடல் மகளிர், முதிய கைம்பெண்கள் எனப் பல நிலையினர் அவர்களுள் இருந்தனர். எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், கோட்டைக்குள் சிறையிருந்த அந்தக் குடும்பம் பெரும்பாலும் பெண்களால் ஆனது. கிளர்ச்சிக்கு முந்தைய நாள் திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம் நடந்ததாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. சிப்பாய்கள் கூடுவதற்கு வாய்ப்பாக அமைந்தது என்ற அளவிலேயே அத்திருமணம் சொல்லப்படுகிறது. மணமகளைச் சுற்றியிருந்த உலகம் விளக்கம் பெறுவதில்லை.

கிளர்ச்சிக்குப் பின் திப்புவின் ஆண்மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பெண்களுள் பலர் வேலூரிலேயே தங்கினர். கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கல்லறைகள் அதற்குச் சான்று. ஐதர் அலியின் மனைவி பக்ஷி பேகம் 1806-இல் மறைந்தார். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் மறைந்தது 1834-இல். அதாவது, கணவர் களத்தில் மாண்ட 35 ஆண்டுகளுக்குப் பின்பும் அவர் வேலூர் மண்ணில்தான் இருந்தார். போர் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதன் விளைவை ஒரு பெண் 35 ஆண்டுகள் வாழ்ந்து தீர்த்தார். கோட்டைக்குள் ஐதர் மகால், திப்பு மகால் ஆகியவற்றோடு பேகம் மகால் என்ற பெயரிலும் ஒரு கட்டடம் உண்டு. ஆண்களின் மகால்கள் அவரவர் பெயரால் வழங்குகின்றன. பெண்களுக்கோ பொதுப்பெயரே பெயராயிற்று. எந்த பேகம் என்று கேட்க நமக்குத் தோன்றுவதும் இல்லை.

வேலூர் நிகழ்ச்சிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கிளர்ச்சி வெடித்த அந்த இரவை உடனிருந்து கண்டு எழுதிய சான்றாக எஞ்சியிருப்பது ஒரு பெண்ணின் கையெழுத்துப் படி. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அமீலியா ஃபேன்கோர்ட் குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் பிழைத்தார். நிகழ்ச்சி நடந்து இரண்டு வாரங்களில் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். கட்டளைகளும் விசாரணை அறிக்கைகளும் ஆண்கள் எழுதியவை; நிகழ்ச்சி முடிந்த பின்னர் எழுந்தவை. அந்த இரவின் ஓசையும் அச்சமும் நமக்குக் கிடைப்பது இந்த எழுத்தின் வழியாகத்தான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அமீலியாவின் எழுத்து ஆளும் தரப்பின் எழுத்து. சிப்பாய்கள் ஏன் எழுந்தனர் என்பதை அதில் தேட இயலாது. அதே இரவில் அதே மதிலுக்குள் விழித்திருந்த பேகம்கள் என்ன கண்டனர், கொல்லப்பட்ட சிப்பாய்களின் மனைவியர் மறுநாள் எங்கே போயினர் என்பவை அதில் இல்லை. பெண் எழுதியது என்பதாலேயே அது எல்லாப் பெண்களுக்குமான சான்று ஆகிவிடாது. ஆயினும் அந்த எழுத்தைத் தலத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் அதில் இல்லாத பெண்களின் மௌனம் நமக்குக் கேட்கும். மூன்று வகைப் பெண்கள் ஒரே கோட்டைக்குள் இருந்தனர். ஒருத்தியின் எழுத்து எஞ்சியது. சிலரின் கல்லறை எஞ்சியது. மற்றவரின் பெயரும் எஞ்சவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்வதே வேலூரின் பெண் வரலாறு.

சிவகங்கை: வணக்கத்தில் மறையும் வரலாறு

வேலூரில் பெண்கள் மறக்கப்பட்டனர் என்றால், சிவகங்கையில் சிக்கல் வேறு வகையானது. அங்கே பெண்கள் போற்றப்படுகின்றனர். 1772-இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், அவர் மனைவி வேலுநாச்சியார் திண்டுக்கல் பகுதியில் உள்ள விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள் தங்கி, ஐதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். அவருக்குச் சிவகங்கையில் மணிமண்டபம் உண்டு. 2008-இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. அவருக்கு உதவிய ஐதர் அலியின் மனைவிதான் பின்னாளில் வேலூரில் காவலில் இருந்து மறைந்த பக்ஷி பேகம் என்பதை எண்ணும்போது, இவ்விரு தலங்களும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்பது விளங்கும்.

வேலுநாச்சியாரைப் பற்றிய மேடைப்பேச்சுகளும் படங்களும் வாளையும் குதிரையையும் முன்னிறுத்துகின்றன. எட்டு ஆண்டுகளோ விரைவாகக் கடந்து செல்லப்படுகின்றன. வரலாற்று நோக்கில் அந்த எட்டு ஆண்டுகளே அவருடைய பெருஞ்செயல். அரசிழந்த ஒரு கைம்பெண், சிறு மகளோடு அயல் பாளையத்தில் தங்கி, அமைச்சர் தாண்டவராயர், மருது சகோதரர் ஆகியோரின் துணையைப் பேணி, மொழியும் சமயமும் வேறான ஒரு பேரரசோடு உடன்பாடு கண்டு, காலம் கனியும்வரை காத்திருந்தார். இது அரசியல் அறிவு. கையில் வாளை மட்டும் கொடுக்கும்போது நாம் அவரை ஆணின் வீரத்திற்கு ஈடு என்று பாராட்டுகிறோம். அவருடைய அறிவை விட்டுவிடுகிறோம்.

குயிலியின் நினைவு இன்னும் நுட்பமானது. உடலில் தீயிட்டுக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தவர் என்று வாய்மொழி மரபு அவரைப் போற்றுகிறது; சிவகங்கையில் அவருக்கு நினைவுத்தூணும் உண்டு. வேலுநாச்சியார் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்ட உடையாளின் கதை, கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆவணச் சான்றை வேண்டுவோர் குயிலியை ஐயுறுகின்றனர். அவ்வாறு ஐயுறுவது ஒடுக்கப்பட்ட மக்களின் நினைவை அழிக்கும் முயற்சி என்று மறுதரப்பினர் சினக்கின்றனர். இருதரப்பு வாதத்திலும் ஒரு பொதுப்பிழை உண்டு. வாய்மொழி மரபை ஆவணமாக ஆக்கினால்தான் அதற்கு மதிப்பு என்று இருதரப்பினரும் கொள்கின்றனர். நாட்டார் வழக்காற்றியல் பயின்ற நாம் அவ்வாறு கொள்ளவேண்டியதில்லை. எழுத்து மறுக்கப்பட்டவர்கள் தம் வீரத்தைக் கதையில் காத்தனர் என்பதே வலிமையான வரலாற்றுச் செய்தி. 'இது வாய்மொழி மரபு. இன்னின்ன மக்களிடம் இவ்விவ்வாறு வழங்குகிறது' என்று தலத்தில் எழுதிவைப்பது குயிலியைச் சிறுமைப்படுத்தாது. நாளை ஒருவர் ஆவணம் கேட்டு அவரைத் தள்ளிவிடாதபடி காக்கும் வேலியும் அதுவே.

வணக்கம் வரலாற்றை மறைக்கும் என்பதற்கு நம் காப்பியமே முன்மாதிரி. கண்ணகி அரசவையில் செய்தது வழக்குரை. பொருட்சான்றை முன்வைத்து, அதனை அவையில் உடைத்துக் காட்டி, தீர்ப்பின் பிழையை நிறுவினாள். அவளுக்குக் கல் நட்டோம், கோயில் எடுத்தோம், பத்தினித் தெய்வம் என்றோம். சான்று காட்டி வென்றவள் என்ற அடையாளம் அந்தத் தெய்வத்தன்மையின் பின்னால் மங்கிற்று.

கீழவெண்மணி: தொகைக்குள் கரைந்தவர்கள்

கீழவெண்மணி சுற்றுலாத் தலமன்று. ஆண்டுதோறும் மக்கள் கூடும் நினைவிடம். எனினும் தொலைவிலிருந்து காணவருவோரும் உண்டு என்பதால் அதனை இங்குச் சேர்க்கிறேன். 1968 திசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். கூலி உயர்வையும் சங்க உரிமையையும் ஒட்டி எழுந்த பகையின் முடிவு அது. இறந்தவருள் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும்.

'பெண்களும் குழந்தைகளும்' என்னும் இத்தொடரை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம்! நானும் மேலே பயன்படுத்தியிருக்கிறேன். கொடுமையின் அளவைக் காட்ட அது உதவுகிறது. ஆனால் பெண்ணைக் குழந்தையோடு சேர்த்து, தற்காத்துக்கொள்ள இயலாதவள் என்ற ஒரே வகைக்குள் வைத்துவிடுகிறது. வெண்மணிப் பெண்கள் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள், கூலிக்காக நடந்த அந்தப் போராட்டம் அவர்களுடைய உழைப்பைப் பற்றியதும் ஆகும். அவர்கள் உழைப்பாளர் என்பது சொல்லப்படும்போதுதான் அவர்கள் ஏன் எரிக்கப்பட்டனர் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அது சொல்லப்படாவிட்டால் எஞ்சுவது தீயும் இரக்கமுமே. நிகழ்ச்சிக்குப் பின் அவ்வூருக்குச் சென்று, பிழைத்தவரைக் கேட்டு எழுதியவர்களுள் மைதிலி சிவராமன் முக்கியமானவர். அவருடைய கட்டுரைகள் 2013-இல் நூலாகவும் வந்துள்ளன. இங்கும் ஒரு பெண்ணின் எழுத்து சான்றாக நிற்பதைக் கருதவேண்டும்.

ஹிமேயூரி: சொல்லும் உரிமையை மீட்ட பெண்கள்

தலத்தில் தம்மைப் பற்றிச் சொல்லப்படும் கதையைப் பெண்களே திருத்தி எழுத இயலுமா? இயலும் என்பதற்குத் தெற்கு ஜப்பானின் ஒகினாவாத் தீவில் ஒரு சான்று உண்டு. 1945 மார்ச் 23 இரவு, இரு மகளிர் பள்ளிகளைச் சேர்ந்த 222 மாணவியரும் 18 ஆசிரியரும் இராணுவ மருத்துவமனைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குகைகளே அந்த மருத்துவமனை. தோல்வி உறுதியான நிலையில், சூன் 18 அன்று அவர்களுக்குக் கலைந்துசெல்லும்படி ஆணையிடப்பட்டது. சுற்றிலும் குண்டு பொழியும் நிலத்தில் அந்த ஆணைக்குக் கைவிடுதல் என்பதே பொருள். 240 பேருள் 136 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் மாண்டது ஆணைக்குப் பின்வந்த சில நாட்களில்.

மறு ஆண்டிலேயே அங்கு நினைவுக்கல் எழுந்தது. புதினமும், 1953-இல் திரைப்படமும் வந்தன. பேருந்துகளில் பயணியர் குவிந்தனர். பேருந்து வழிகாட்டிகளின் உருக்கமான உரைகளில் அம்மாணவியர் நாட்டுக்காக உதிர்ந்த தூய மலர்களாயினர். பிழைத்திருந்த தோழியர் பல்லாண்டுகள் பேசவில்லை. தாம் மட்டும் பிழைத்தோம் என்ற குற்றவுணர்வு அவர்களை அழுத்தியது. பின்னர் அவர்களும் பள்ளியின் முன்னாள் மாணவியரும் ஒன்றுகூடி நிதி திரட்டி, 1989 சூன் 23 அன்று நினைவுக்கல்லின் அருகே அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். மாண்ட ஒவ்வொருவரின் ஒளிப்படமும் பெயரும், அவர் எவ்வாறு இறந்தார் என்பதும் அங்கு வைக்கப்பட்டன. பிழைத்தவர்களே அங்கு நின்று பார்வையாளரிடம் பேசினர். முதுமை காரணமாக 2015-இல்தான் அப்பணியை நிறுத்தினர்.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். 'உதிர்ந்த மலர்' என்னும் கதையில் கொன்றவர் யார், அனுப்பியவர் யார் என்ற கேள்விகளுக்கு இடமில்லை. 'சூன் 18 அன்று ஆணை வந்தது. அதன் பின் இன்னார் இவ்வாறு இறந்தார்' என்னும் சான்றுரையில் அக்கேள்விகள் தாமே எழுகின்றன. கண்ணீர் குறைந்ததாகத் தெரியவில்லை. அறிவு அதனோடு சேர்ந்துகொண்டது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகள் சிலவற்றைக் கருதுவோம். பயணியர் படிக்க வருவதில்லை. பார்க்கவும் படமெடுக்கவும் வருகின்றனர் என்பது ஒன்று. ஆனால் களப்பயணத்தில் பெயர் கேட்ட மாணவி பயணிதான். கேள்வி இருந்தது, விடை எழுதிவைக்கப்படவில்லை.

மற்றொரு மறுப்பு வன்மையானது. போரில் பெண்கள் அடைந்த கொடுமைகளைத் தலத்தில் விரித்துரைப்பது அவர்களை இரண்டாம் முறை காட்சிப்பொருளாக்கும் அன்றோ? இந்த அச்சம் நியாயமானது. பிழைத்தவர் உயிரோடு இருக்கும் இடங்களில் அவர் இசைவு இன்றிப் பெயரோ நிகழ்வோ வெளியாதல் கூடாது. உடலுக்கு நேர்ந்ததை விரிப்பதும், அவர் சொன்னதைப் பதிவதும் வேறு வேறு. முன்னதில் பெண் காட்சி. பின்னதில் பெண் உரைப்பவர். இவ்வேறுபாட்டைக் காக்கும் சொல்லாட்சியை உருவாக்குவது மொழி பயின்றோரின் பொறுப்பு.

மூன்றாவது மறுப்பு என் துறையினுள்ளிருந்தே வரக்கூடும்: இது வரலாற்றுத்துறையின் வேலை, தமிழ்த்துறைக்கு இதில் என்ன இடம்? சுவடியிலிருந்து பாடத்தை மீட்டெடுத்தல், பாடவேறுபாடு காட்டுதல், சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டு விட்டு வைத்தல், உரை எழுதுதல், வாய்மொழியைக் களத்தில் தொகுத்தல் ஆகியவை நம் துறையின் நெடுநாள் பயிற்சி. ஏட்டில் செல்லரித்த இடத்தை இட்டு நிரப்பாமல் இடைவெளியாகவே பதிப்பித்த நேர்மை நம் பதிப்பாசிரியர் மரபுக்கு உண்டு. துயரத் தலங்களுக்கு இன்று வேண்டுவது அதே நேர்மைதான்.

தலவுரை: ஒரு முன்மொழிவு

கோயில்களுக்குத் தலபுராணம் பாடிய மொழி இது. துயரத் தலங்களுக்குத் 'தலவுரை' எழுதும் பணியைத் தமிழ்த்துறைகள் ஏற்கவேண்டும் என முன்மொழிகிறேன். தலபுராணம் தலத்தின் பெருமையைப் பாடும். தலவுரையோ தலத்தில் நிகழ்ந்ததையும் அதை நாம் அறிந்த வழியையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு செய்தியும் ஆவணமா, கல்வெட்டா, வாய்மொழியா, நம்பிக்கையா என்பது குறிக்கப்படல் வேண்டும். பெயர் தெரிந்த பெண்கள் பெயரால் சொல்லப்படல் வேண்டும். பெயர் தெரியாத இடத்தில் 'பெயர் கிடைக்கவில்லை' என்று எழுதப்படல் வேண்டும். வெறுமையாக விட்டுவிடுதல் கூடாது. இறந்ததோடு, என்ன உழைத்தனர், என்ன முடிவெடுத்தனர், போருக்குப் பின் எத்தனை ஆண்டுகள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பவையும் இடம்பெறல் வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு ஒரு தலம் போதும். அவ்வூர் முதிய பெண்களிடம் தொகுத்த வாய்மொழி, நூலகத்தில் கிடைக்கும் அச்சிட்ட ஆவணம், கல்லறைகளிலும் நினைவுக்கற்களிலும் உள்ள எழுத்து ஆகியவற்றை ஒருங்கே வைத்தால் பத்துப் பக்கத் தலவுரை ஒன்று உருவாகும். அதனை வழிகாட்டிகளிடம் கொண்டுசேர்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும். நம் ஆய்வேடுகள் நூலக அடுக்கிலேயே ஓய்ந்துவிடுகின்றன என்று வருந்துகிறோம். அவற்றைக் கேட்கக் காத்திருப்போர் கோட்டை வாயிலில் நிற்கின்றனர்.

முடிவுரை

போர், துயரத் தலங்களில் பெண் இல்லாமல் இல்லை. இரங்கும் பொருளாகவும் வணங்கும் பொருளாகவும் அங்கே நிறைந்திருக்கிறாள். இல்லாதது அவளுடைய உரை. பறம்பின் வீழ்ச்சியைப் பாரி மகளிர் உரைத்தனர்; வேலூரின் இரவை அமீலியா எழுதினார்; வெண்மணியின் தீயை மைதிலி சிவராமன் பதிந்தார்; ஒகினாவாவின் குகைகளைப் பிழைத்த மாணவியர் பேசினர். காலத்தாலும் நாட்டாலும் நிலையாலும் வேறுபட்ட இவர்களை இணைப்பது ஒன்றே: நடந்ததைச் சொல்லினர். பேகம்களும், சிப்பாய்களின் மனைவியரும் இவ்வரிசையில் இன்னும் சேரவில்லை. அவர்களைத் தேடும் பணி எஞ்சியுள்ளது.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது முதுகலை பயில்கிறாள். வேலூர்க் கல்லறைகளை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அண்மையில் என்னிடம் கேட்டாள். எடுத்துக்கொள்ளம்மா, முதலில் பெயர்களை எழுதத் தொடங்கு என்றேன்.